டயர் மாறியது, மீட்டருக்குத் தெரியாது: லாரியின் வேகக் கணக்கைத் திருத்துவது எப்படி?

9.00 ஆர் 20 டயரில் (9 அங்குல அகலம், ரேடியல் வகை, 20 அங்குல ரிம்) ஓடிய லாரிக்கு, அதைவிடப் பெரிய 10.00 ஆர் 20 மாட்டினால், முதல் சண்டை பெரும்பாலும் டீசல் கணக்கில்தான் வரும். நேற்று வரை லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்த வண்டி இன்று 3.86 என்று காட்டும். ஓனர் டிரைவரைச் சந்தேகப்படுவார், டிரைவர் பங்க்கைக் குறை சொல்வார். டீசல் எங்கும் போகவில்லை. வண்டி 10,000 கி.மீ. ஓடியிருக்கிறது, மீட்டர் 9,660 மட்டும் எழுதியிருக்கிறது. 340 கி.மீ. கணக்கில் ஏறவே இல்லை.

காரணம் எளிது. மீட்டர் சாலையை அளப்பதில்லை, சக்கரத்தையும் நேராக அளப்பதில்லை. பெரும்பாலான லாரிகளில் கியர்பாக்ஸின் பின்முனையில், பின் சக்கரங்களைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில், ஒரு சென்சாரோ பழைய வண்டியானால் ஒரு கேபிளோ இருக்கும். அது ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்பதை மட்டும் எண்ணும். இத்தனை சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்ற எண்ணைக் கம்பெனியில் ஏற்கெனவே பொருத்தி அனுப்பியிருப்பார்கள். அந்த எண்ணுக்குள் கிரௌன் பினியன் (ஷாஃப்ட்டின் சுற்றைக் குறைத்துப் பின் சக்கரத்துக்குக் கொடுக்கும் பற்சக்கர ஜோடி) விகிதமும் டயரின் சுற்றளவும் ஒளிந்திருக்கின்றன. இரண்டில் எது மாறினாலும் பழைய எண் பொய்யாகிவிடும். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும், மீட்டரோ பழைய தூரத்தையே எழுதும். ஆக, பெரிய டயருக்கு மீட்டர் குறைத்துக் காட்டும், சின்ன டயருக்குக் கூட்டிக் காட்டும்.

எவ்வளவு மாறுகிறது?

கம்பெனிக்குக் கம்பெனி, பட்டன் (தரையில் படும் ரப்பர்) வகைக்கு வகை சில மில்லிமீட்டர் வித்தியாசம் உண்டு. ஆனாலும் புது டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய இப்படி வரும்: 9.00 ஆர் 20க்கு 1018 மி.மீ., 10.00 ஆர் 20க்கு 1054, 11.00 ஆர் 20க்கு 1085. ட்யூப்லெஸ் 295/80 ஆர் 22.5க்கு 1044. இப்போது அதிகம் புழங்கும் 295/90 ஆர் 20க்கு 1039. கடைசி இரண்டையும் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகலம் 295 மி.மீ., அதில் 90 சதவீதம் 265.5, அதுதான் டயரின் பக்க உயரம். அதை இரட்டித்தால் 531, கூடவே 20 அங்குல ரிம்மின் 508 மி.மீ. சேர்த்தால் 1039.

9.00லிருந்து 10.00க்குப் போனால் 3.5 சதவீதம் கூடும். 10.00லிருந்து 11.00க்கு 2.9. சின்ன லாரிகளில் 7.50-16ஐக் கழற்றி 8.25-16 போடுகிறவர்களுக்குத்தான் பெரிய அடி: 6 சதவீதத்துக்கு மேல். முள் 80ல் நிற்கும்போது வண்டி 85ல் பறந்துகொண்டிருக்கும். மாறாக, 10.00 ஆர் 20ஐ எடுத்துவிட்டு 295/90 ஆர் 20 போட்டால் 1.4 சதவீதம்தான் குறையும். அதற்காக மீட்டரைக் கழற்றுவது வீண்வேலை.

ஏன் வீண்வேலை என்றால், ஒரே டயர் தேய்வதிலேயே அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடுகிறது. 10.00 ஆர் 20ன் பட்டன் 14 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 28 மி.மீ. போய்விடும், அதாவது 2.7 சதவீதம். ரீட்ரெட் செய்தால், அதாவது புதுப் பட்டன் ஒட்டினால், மறுபடி ஏறும். எனவே 2 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம், 3ஐத் தாண்டினால் கட்டாயம் திருத்த வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. இடையில் இருப்பதற்கு, மீட்டர் எந்தப் பக்கம் தவறுகிறது என்று பாருங்கள். கூட்டிக் காட்டினால் டீசல் கணக்கு மட்டும் கெடும். குறைத்துக் காட்டினால் வேக வரம்பும் சேர்ந்து கெடும்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. திருத்தத்தைப் புது டயர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அப்போது டயர் தேயத் தேய மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் காட்டும், அது ஆபத்தில்லாத பக்கம். பாதி மொட்டையான டயரில் திருத்திவிட்டு அடுத்த மாதம் புது செட் மாட்டினால் அன்றே மீட்டர் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும்.

அளப்பதில் நடக்கும் தவறு

டேப்பை எடுத்து டயரைச் சுற்றி அளந்தால் 10.00 ஆர் 20க்கு சுமார் 3311 மி.மீ. வரும். லோடோடு நிற்கும் வண்டியில் தரையிலிருந்து அச்சின் மையம் வரை அளந்தால் 490 மி.மீ. அளவில் இருக்கும், அதை வைத்துச் சுற்றளவு போட்டால் 3079. இரண்டும் தப்பு. வண்டி ஓடும்போது அந்த டயர் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரம் 3215 மி.மீ. அளவில்தான் இருக்கும். ரேடியல் டயரின் பட்டனுக்கு அடியில் ஓடும் எஃகு பெல்ட்தான் இதற்குக் காரணம். லோடில் டயர் கீழே நசுங்கினாலும் அந்த பெல்ட்டின் நீளம் அவ்வளவாகக் குறையாது. ராணுவ டாங்கியின் செயின் மாதிரி அது தரையில் படிந்து படிந்து உருளும். அதனால்தான் ரேடியலுக்கு வெளிவிட்டத்தை 3.14ஆல் பெருக்காமல் சுமார் 3.05ஆல் பெருக்குகிறார்கள். நைலான் டயருக்கு இன்னும் சற்றுக் குறையும், காற்று இறங்கினாலும் லோடு ஏறினாலும் அதிகம் மாறும்.

பழைய டயரையும் புது டயரையும் ஒரே முறையில் அளந்து விகிதம் மட்டும் எடுப்பதென்றால் எந்த முறையானாலும் பெரிய பிசகு வராது, இரண்டிலும் ஒரே தவறுதானே இருக்கிறது. மீட்டரில் நேரடியாகச் சுற்றளவையோ பல்ஸ் (சென்சார் அனுப்பும் மின்துடிப்பு) எண்ணையோ ஏற்றப் போகிறீர்கள் என்றால்தான் உருட்டி அளப்பது அவசியம்.

உருட்டி அளப்பது இப்படி. வழக்கமான லோடை ஏற்றிக்கொள்ளுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது எல்லாச் சக்கரத்திலும் காற்றைச் சரியான அளவுக்கு வையுங்கள். சமமான, நேரான தரை வேண்டும். பின்பக்க டிரைவிங் ஆக்ஸிலின் டயரில், தரையைத் தொடும் இடத்துக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு, தரையிலும் ஒரு கோடு. முதல் கியரில் ஊர்ந்து 5 முழுச் சுற்று போய், டயர் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 16.08 மீட்டர் வந்தால் ஒரு சுற்றுக்கு 3.216 மீட்டர். மறுபக்கச் சக்கரத்துக்கும் இதையே செய்து சராசரி எடுங்கள். முன் டயரில் அளக்கக் கூடாது, ஷாஃப்ட் சுழற்றுவது பின் சக்கரத்தைத்தான். ஒரு சுற்று மட்டும் அளந்தால் 2 செ.மீ. பிசகுகூட 0.6 சதவீதமாகிவிடும், அதனால்தான் 5 சுற்று.

அளக்கும்போதே ஜோடி டயர்களையும் ஒப்பிட்டுவிடுங்கள். உள் டயருக்கும் வெளி டயருக்கும் விட்டத்தில் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெரிய டயர் சுமையை இழுத்துக்கொள்ளும், சின்னது தேய்த்துக்கொண்டே ஓடும். மீட்டர் இங்கே இரண்டாம் பட்சம்.

எதைப் பார்த்துத் திருத்துவது: முள்ளா, கிலோமீட்டரா?

பலர் கைப்பேசியில் ஜிபிஎஸ்ஸைப் போட்டு, அதில் 80 காட்டும்போது முள்ளும் 80ல் நிற்கிற மாதிரி சரிசெய்கிறார்கள். இது அரைகுறைத் திருத்தம். முள் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் தயாராகிறது. ஐ.நா.வின் 39ஆம் எண் விதிமுறைப்படி முள் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது, கார், பிக்கப் போன்ற வண்டிகளில் உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதன் மேல் மணிக்கு 4 கி.மீ.யும் வரை கூட்டிக் காட்டலாம். எனவே தயாரிப்பாளர்கள் பாதுகாப்பான பக்கமாகச் சாய்த்து வைப்பார்கள். கிலோமீட்டர் ஓடும் எண்ணுக்கு அந்தச் சாய்வு கிடையாது, அது பல்ஸை அப்படியே கூட்டி எழுதுவது.

ஒரு வண்டியில் உண்மை 80க்கு முள் 83 காட்டியது என்று வையுங்கள். 3.5 சதவீதம் பெரிய டயர் போட்டதும் முள் சரியாக 80ல் வந்து உட்காரும். பார்க்கிறவர் ‘இப்பத்தான் மீட்டர் கரெக்டா இருக்கு’ என்பார். அதே நேரத்தில் கிலோமீட்டர் எண் 3.5 சதவீதம் பின்தங்கிக்கொண்டிருக்கும். டீசல் கணக்கு, ஆயில் மாற்றும் கெடு, டயரின் ஆயுள், வாடகை எல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கின்றன. ஆகவே கிலோமீட்டரைப் பார்த்துத் திருத்துங்கள், முள் தன் சாய்வோடு தானாகப் பின்தொடரும்.

நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்கள் இதற்கு நல்ல அளவுகோல். ஒரு கல்லை மட்டும் நம்பக் கூடாது, சாலையை அகலப்படுத்தும்போதும் பைபாஸ் வரும்போதும் சில கற்கள் இடம் மாறியிருக்கும். 10 அல்லது 20 கி.மீ. தொடர்ச்சியாக ஓடி, ஜிபிஎஸ் காட்டிய தூரத்தோடும் ஒப்பிடுங்கள். முடிந்தால் டயர் மாற்றும் முன்பே பழைய டயரில் இந்தச் சோதனையைச் செய்து எழுதி வையுங்கள். மாற்றிய பிறகு, இருந்த தவறு எவ்வளவு, வந்த தவறு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

கேபிள் வண்டி

பழைய லாரிகளில் கியர்பாக்ஸுக்குள் ஒரு வார்ம் கியர் (திருகு வடிவப் பற்சக்கரம்), அதோடு பொருந்தும் சின்ன பிளாஸ்டிக் பினியன், அதிலிருந்து மீட்டர் வரை கேபிள். மீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சுற்றியுள்ள அலுமினியக் கிண்ணத்தைக் காந்தப்புலம் இழுக்கும், மெல்லிய ஸ்பிரிங் எதிர்த்துப் பிடிக்கும், முள் நடுவில் நிற்கும். கிலோமீட்டர் எண்களை அதே கேபிளின் பற்சக்கரங்கள் நேராகச் சுழற்றும்.

இங்கே திருத்தம் என்றால் பினியனை மாற்றுவது. டயர் பெரிதானால் கேபிள் வேகமாகச் சுற்ற வேண்டும், அதற்குப் பல் குறைய வேண்டும். 18 பல் பினியன் இருந்த வண்டிக்கு 6.4 சதவீதம் பெரிய டயர் போட்டால் 18 ÷ 1.064 = 16.9, ஆக 17 பல். இது அழகாக விழுந்துவிட்டது. 3.5 சதவீதத்துக்கு 17.4 வரும். 18ஐ விட்டால் 3.5 சதவீதம் குறைத்துக் காட்டும், 17 போட்டால் 2.3 சதவீதம் கூட்டிக் காட்டும். 17தான் சரி. பல் எண்ணிக்கை மாறினால் பினியனின் விட்டமும் மாறும் என்பதால் ஒன்றிரண்டு பல்லுக்கு மேல் போனால் வார்மோடு சரியாகக் கடிக்காது, சில நூறு கிலோமீட்டரில் பல் தேய்ந்துவிடும். அந்த நிலையில் கேபிளுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் மாட்டும் விகிதப் பெட்டிதான் வழி.

முள்ளைப் பிடுங்கித் தள்ளிக் குத்துகிற வைத்தியம் ஒன்று உண்டு. அதைச் செய்யாதீர்கள். தவறு சதவீதத்தில் இருக்கிறது, அதாவது 40ல் 1.4 கி.மீ., 80ல் 2.8 கி.மீ. முள்ளைத் தள்ளினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு கூடும். 60ல் சரியாகும், மற்ற இடத்தில் தப்பும். கிலோமீட்டர் எண்ணில் எதுவும் மாறாது.

சென்சார் வண்டி

எலக்ட்ரானிக் மீட்டரில் பல்லை மாற்ற வேண்டியதில்லை, எண்ணை மாற்றினால் போதும். அந்த எண் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ் என்பது. ஒரு உதாரணம்: 41 பல் கிரௌன், 7 பல் பினியன், விகிதம் 5.857. சென்சார் ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு 6 பல்ஸ் கொடுக்கிறது. 9.00 ஆர் 20 ஒரு சுற்றுக்கு 3.105 மீட்டர் போகும், கிலோமீட்டருக்கு 322.1 சுற்று. 322.1 × 5.857 × 6 = சுமார் 11,318 பல்ஸ். 10.00 ஆர் 20க்கு 3.215 மீட்டர், 311.04 சுற்று, சுமார் 10,931 பல்ஸ். மீட்டரில் 11,318 இருக்கும் இடத்தில் 10,931 ஏற வேண்டும்.

வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிடுவதுதான் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. அப்போது 3.5 சதவீதத் தவறு 7 ஆகிவிடும். ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: டயர் பெரிதானால் பல்ஸ் எண் சிறிதாக வேண்டும். சில மீட்டர்கள் பல்ஸுக்குப் பதிலாகச் சுற்றளவை மில்லிமீட்டரில் கேட்கும், அங்கே மட்டும் எண் கூடும். எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் எண் ஏற்றக் கூடாது.

எண்ணை எங்கே ஏற்றுவது என்பது வண்டியைப் பொறுத்தது. பழைய எலக்ட்ரானிக் மீட்டர்கள் சிலவற்றின் முதுகில் குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். தனியாக வாங்கி மாட்டும் மீட்டர்கள் சிலவற்றில், பொத்தானை அழுத்திக் கற்றுக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுபோய், சரியாக 1 கி.மீ. ஓட்டி, மறுபடி அழுத்தினால் அதுவே எண்ணிக்கொள்ளும். பிஎஸ்-6 வண்டிகளில் பொதுவாக வேகம் முதலில் ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து கேன் லைனில் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வயர்) மீட்டர், இஞ்சின், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ட்ராக்கர் என்று எல்லாவற்றுக்கும் பரவும். அங்கே கம்பெனியின் சர்வீஸ் கருவி இல்லாமல் தொட முடியாது, தொடவும் கூடாது. சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது ‘டயர் மாத்திட்டேன்’ என்று மட்டும் சொல்லாமல் உருட்டி அளந்த சுற்றளவையும் கிரௌன் விகிதத்தையும் எழுதிக் கொடுங்கள்.

நடுவில் மாட்டும் திருத்துப் பெட்டியும் கிடைக்கிறது. சென்சாரிலிருந்து வரும் பல்ஸை வாங்கி, ஒரு விகிதத்தில் குறைத்தோ கூட்டியோ அனுப்பும். மாட்டும்போது மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது மின்னழுத்தம்: பிக்கப்புக்கான பெட்டி 12 வோல்ட், லாரி 24. இரண்டாவது சென்சாரின் வகை. மூன்று வயர் ஹால் சென்சார் கூர்மையான சதுர பல்ஸ் கொடுக்கும், இரண்டு வயர் காந்தச் சென்சார் அலையலையாகக் கொடுக்கும், வண்டி மெதுவாகப் போனால் அலை தாழ்ந்துவிடும். பெட்டி தப்பான வகைக்கானது என்றால் 15 கி.மீ. வேகம் வரை முள் அசையாது, பிறகு திடீரென்று எழும். மூன்றாவது எர்த். சென்சாரும் பெட்டியும் ஒரே இடத்தில் எர்த் ஆகாவிட்டால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் பல்ஸாக எண்ணப்பட்டு, நிற்கும் வண்டியில் முள் ஆடும்.

இன்னொன்று, பெட்டியை எங்கே மாட்டுகிறோம் என்பது. மீட்டருக்குப் பின்னால் மாட்டினால் முள் மட்டும் திருந்தும், இஞ்சினும் ஸ்பீடு கவர்னரும் (வேகத்தை ஒரு வரம்பில் பிடித்து நிறுத்தும் கருவி) பழைய பொய்யையே நம்பிக்கொண்டிருக்கும். சென்சார் அருகே மாட்டினால்தான் எல்லோருக்கும் ஒரே கணக்கு போகும்.

கவர்னரும் ஏபிஎஸ்ஸும்

இந்தியாவில் சரக்கு வண்டிகளுக்கான ஸ்பீடு கவர்னர் 80 கி.மீ.யில் பூட்டப்படுகிறது, டேங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு 60. பூட்டியவர் பழைய டயரின் கணக்கில் பூட்டியிருப்பார். 10.00 மாட்டிய பிறகு 80ல் பிடிக்க வேண்டியது 82.8ல்தான் பிடிக்கும். தனியாக மாட்டிய கவர்னருக்குள் அதற்கென்று ஒரு பல்ஸ் எண் இருக்கும், மீட்டரைத் திருத்தினால் அது தானாகத் திருந்தாது. சீலை நீங்களே உடைத்தால் எஃப்.சி.யில் மாட்டிக்கொள்வீர்கள். மாட்டிக் கொடுத்த அங்கீகாரம் பெற்ற டீலரிடம் போய், எண்ணை மாற்றிச் சான்றிதழையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கமும் நடக்கும். சின்ன டயர் போட்ட வண்டியை 78லேயே கவர்னர் பிடிக்கும், டிரைவர் ‘இஞ்சின் இழுக்கலை’ என்று டீசல் ஃபில்டரை மாற்றிக்கொண்டிருப்பார்.

ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் மற்றதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. எல்லா டயரையும் ஒரே அளவுக்கு மாற்றினால் அதற்குப் பெரிய குழப்பமில்லை. முன்னால் ஒரு அளவு, பின்னால் வேறு அளவு என்று போட்டால் பின் சக்கரம் வழுக்குகிறது என்று நினைக்கலாம், விளக்கு எரியலாம். இதை எந்த மீட்டர் திருத்தமும் தீர்க்காது.

டயரோடு கிரௌன் பினியனையும் மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. 41/6லிருந்து 41/7க்குப் போனால் விகிதம் 6.833லிருந்து 5.857 ஆகிறது. சென்சார் கியர்பாக்ஸில் இருப்பதால் மீட்டர் 14 சதவீதம் குறைத்துக் காட்டும். டயர் கணக்கு அதற்கு முன்னால் தூசி. இரண்டையும் சேர்த்துப் போட்ட எண்ணைத்தான் ஏற்ற வேண்டும்.

திருத்திய பிறகு

40, 60, 80 என்று மூன்று வேகத்தில், ஒவ்வொன்றிலும் அரை நிமிடமாவது சீராக ஓட்டி ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். மூன்றிலும் தவறு ஒரே சதவீதம் என்றால் பல்ஸ் எண்ணில் கோளாறு. மூன்றிலும் ஒரே 3 கி.மீ. என்றால் முள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கோளாறு. மெதுவாகப் போகும்போது மட்டும் விட்டு விட்டு வந்தால் சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். முனையில் இரும்புத்தூள் அப்பியிருக்கும், அல்லது பல்லுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். கேபிள் வண்டியில் முள் துள்ளினால் டயரைக் குறை சொல்லாதீர்கள், கேபிள் எங்கோ மடிந்திருக்கிறது.

ஏற்கெனவே தப்பாக ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் கூட்டவோ குறைக்கவோ முயல வேண்டாம், விற்கும்போது அது மோசடியாகத்தான் பார்க்கப்படும். டயர் மாற்றிய தேதி, அன்றைய மீட்டர் எண், திருத்திய தேதி, அன்றைய எண், இடைப்பட்ட காலத்துக்கான விகிதம் (நம் உதாரணத்தில் 1.035) இவற்றை வண்டியின் நோட்டில் எழுதி வைத்தால் போதும். அந்த இடைவெளியில் மீட்டர் 6,000 கி.மீ. காட்டியிருந்தால் வண்டி ஓடியது 6,210. ஆயில் மாற்றும் கெடுவையும் டிரைவரின் மைலேஜையும் அந்தக் கணக்கில் போடுங்கள்.

மீட்டர் சரியானாலும் டயர் பெரிதானதன் மற்ற விளைவுகள் அப்படியேதான் இருக்கும். 5.857 கிரௌன் 10.00 டயரோடு 5.66 போல நடந்துகொள்ளும், மேட்டில் ஒரு கியர் முன்னதாகவே இறக்க வேண்டிவரும். 9.00க்கு 7 அங்குல ரிம், 10.00க்கு 7.5, 11.00க்கு 8 என்பதையும், ஜோடி டயர்களுக்கு நடுவே பக்கங்கள் உரசாத இடைவெளி மிஞ்சுகிறதா என்பதையும், அந்த அளவு வண்டிக்கு அனுமதிக்கப்பட்டதுதானா என்பதையும் டயர் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.